ஆறாவது துளை

என் மேசை இழுப்பறையில் தீக்குச்சி நீளத்துக்கு ஒரு பித்தளை நெம்புகோல் கிடக்கிறது. ஒரு முனையில் சைக்கிள் டியூப் ரப்பர் ஒட்டியிருக்கும். நடுவில் நூல் கட்டிய தடம். ஸ்பிரிங் எங்கேயோ தெறித்துப் போய்விட்டது. டூல்ரூமில் எத்தனையோ பெரிய அச்சுகளைச் செய்தவன் நான். அதில் ஒன்றுகூட என்னிடம் இல்லை. உருப்படாமல் போன இது மட்டும்தான் இருக்கிறது.

இதை என் மாமாவுக்காகச் செய்தேன். மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். ஒரகடத்தில் வயலெல்லாம் கம்பெனியாகிக்கொண்டிருந்த 2009 வாக்கில் நாங்கள் இருவரும் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். தகடு வளைக்கும் பிரஸ்ஸில் அவர், அந்த பிரஸ்ஸுக்கு அச்சு செய்யும் டூல்ரூமில் நான். ஆனால் வாலாஜாபாத்திலிருந்து தண்டலம் வரை 'புல்லாங்குழல்காரர்' என்று சொன்னால்தான் அவரைத் தெரியும். கல்யாணக் கச்சேரி, அம்மன் திருவிழா, கம்பெனி ஆயுதபூஜை என்று ஒரு மேடை விடமாட்டார். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் தூங்குகிறவனைத் தட்டி எழுப்பி, "இத்த மட்டும் கேட்டுட்டு தூங்கு" என்று வாசித்துக் காட்டுகிற ஆள். திமிர் பிடித்த மனுஷன் என்று நானே திட்டியிருக்கிறேன்.

கை உள்ளே போனால் மெஷினை நிறுத்த வேண்டிய சென்சார் ஒருநாள் நிறுத்தவில்லை. வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் அடிக்கணுவோடு நின்றுபோயின. ஆஸ்பத்திரியில் நாங்கள் அழுதுகொண்டு நிற்க, கட்டுப் போட்ட கையைத் தூக்கிக்கொண்டு அவர் கேட்டார்: "ரெண்டு வெரலத்தான எடுத்துச்சி? மூச்சையா எடுத்துச்சி?" வீடு திரும்பியதும் அக்கா முதல் வேலையாகப் புல்லாங்குழலைப் பரணில் போட்டாள். அதைப் பார்த்தால் அவளுக்கு வயிறு எரிந்தது. மூன்றாம் நாளே மாமா ஸ்டூல் போட்டு ஏறி இடது கையால் எடுத்துவிட்டார்.

எடுத்து என்ன செய்ய? அவர் குழலில் விரல் வைக்க ஆறு துளை. சுண்டு விரலுக்கு அதில் வேலையில்லை. கடைசித் துளை மோதிர விரலுடையது. அது அடைபடாவிட்டால் பாட்டு கீழே இறங்காது, பாதி மாடிப்படியில் நின்றுவிடும். மிச்சமிருந்த கணுவிலோ போர்வை பட்டால்கூட உயிர் போகிற வலி. இதற்கிடையில் கச்சேரிக் குழுவை நடத்திய கீபோர்டு அண்ணன் வீட்டுக்கு வந்து, ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு, "நீ ரெஸ்ட் எடுப்பா. புல்லாங்குழல் சவுண்டு என் கீபோர்டுலயே கீது" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். மாமா அன்று சாப்பிடவில்லை. அடுத்த ஆயுதபூஜைக்குக் கம்பெனி மேடையில் ஏறாவிட்டால் குழலை அடுப்பில் வைத்துவிடுவதாக அக்காவிடம் சொன்னார். சொன்னால் செய்கிற ஆள். எனக்கு பயமாகிவிட்டது.

அதனால்தான் நெம்புகோல். குழலோடு நூலால் கட்டிவிட்டு, கணு படாமல் உள்ளங்கை ஓரத்தால் இந்த முனையை லேசாகத் தட்டினால் அந்த முனை துளையை மூடும். வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து, துல்லியமாகக் கடைந்து, பேனா ஸ்பிரிங் போட்டுக் கொண்டுபோனேன். ஊதினால் வெறும் காற்றுதான் வந்தது. குழலின் துளை காய்ச்சிய கம்பியால் சுட்டுப் போட்டது. எந்தப் பக்கம் பார்த்தாலும் வட்டமில்லை. மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னா மச்சான், மூங்கிலு உன் டிராயிங்க பாத்துக்கினா வளந்துச்சி?" பிறகு டியூப் ரப்பரைக் காதால் கேட்டுக் கேட்டுச் சீவி ஒட்டினோம். விபத்துக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் மாமாவை ஆபீஸில் கூப்பிட்டார்கள். வெளிநாட்டு விருந்தாளிகள் வருகிறார்கள், மேடையில் பின்வரிசையில் உட்கார், கையைக் கொஞ்சம் கீழேயே வைத்துக்கொள் என்றார் அதிகாரி. மாமா அமைதியாகக் கேட்டார்: "கைய கீழ வச்சிக்கினு புல்லாங்குழல் எப்டி சார் வாசிக்கிறது?"

பூஜையன்று எல்லா மெஷினுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். தன் பிரஸ்ஸுக்கு மட்டும் மாமா வைக்கவில்லை. "அது எனுக்கு வச்சதே போதும்" என்று மேடையேறி முன்வரிசையில் உட்கார்ந்தார். அம்மன் பாட்டு. முதல் சரணம் வரைக்கும் நெம்புகோல் சொன்னபடி கேட்டது. இரண்டாவது சரணத்தில் ஸ்பிரிங் தெறித்தது. பித்தளைத் துண்டு மைக் ஸ்டாண்டில் பட்டு 'டிங்' என்று விழுந்ததை எல்லோரும் கேட்டார்கள். பாட்டு கீழே இறங்குகிற இடம் வந்துகொண்டிருந்தது. கீபோர்டு அண்ணனின் விரல் புல்லாங்குழல் சவுண்டு பட்டனுக்குப் போய்விட்டது. மாமா ஊதுவதை நிறுத்தாமலே திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அந்த விரல் அப்படியே நின்றது.

மாமா மணிக்கட்டைப் புரட்டி, போர்வை தாங்காத அந்தக் கணுவை, துளையின் மேல் வைத்து அழுத்தினார். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. சத்தம் கொஞ்சம் கரகரத்தது. ஆனால் இறங்கியது ஐயா, கடைசிப் படி வரைக்கும் இறங்கியது! கூட்டத்தில் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

வெளிநாட்டு விருந்தாளிகளில் ஒருவர் மேடையேறிப் பொன்னாடை போர்த்திவிட்டுக் கையை நீட்டினார். அதிகாரி ஓடிவந்து, "வணக்கம் போட்டுடு, வணக்கம்" என்று காதில் கிசுகிசுத்தார். மாமா வலது கையை நீட்டினார். விருந்தாளி ஒரு நொடி பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். அவ்வளவு நேரமும் மாமா பார்த்துக்கொண்டிருந்தது அதிகாரியைத்தான்.

இறங்கும்போது நெம்புகோலைத் தேடிப் பொறுக்கி வந்து என் கையில் திணித்தார். "இந்தா மச்சான், உன் சாமான்."

இன்றைக்கும் அவர் வாசிக்கிறார், அதே கணுவால். கம்பெனியில் அந்த பிரஸ்ஸைக் கழித்துக்கட்டிவிட்டார்கள். போன வாரம் ரப்பர் தேடி இழுப்பறையைக் குடைந்த என் மகள் இதை எடுத்துக் காட்டி, "இது எந்த மெஷினோடதுப்பா?" என்று கேட்டாள்.

"மெஷினோடது இல்லம்மா. மாமாவுக்கு நான் செஞ்சி குடுத்த வெரலு," என்றேன். "அவுரு வாணாம்னுட்டாரு."