வெள்ளிக்கிழமைக் காற்று

ஆறுமுகநேரி பஜாரில் தங்கதுரை அண்ணாச்சி மளிகைக் கடை என்று கேட்டால் வழி காட்டுவார்கள். கடையை நடத்துவது அவர் மனைவி பிரேமா என்பது ஊருக்கே தெரியும். அவள் கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது, நிறுத்துப் போட்ட மிளகாய் வத்தலுக்கு மேல் இன்னும் கொஞ்சம் அள்ளிப் போடச் சொல்லும் துணிச்சல் யாருக்கும் வராது. எனக்கும் வந்ததில்லை. சண்டைக்காரி என்பார்கள். சண்டைக்காரிதான். எதிரே சூப்பர் மார்க்கெட் வந்த பிறகும் அந்தக் கடை நிற்கிறதென்றால் அவளால்தான்.

அவளுக்குக் கொஞ்ச காலமாக வீசிங். மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். தூசி ஆகாது என்று டாக்டர் சொன்னார். தங்கதுரைக்கு அது போதுமாக இருந்தது.

"ஏளா, வத்தல், மல்லி, மஞ்சத்தூளுன்னு நாள் பூரா மூக்குல ஏறுது. கடைத்தூசி உனக்கு ஆகல. பேசாம வீட்ல இரி. கல்லாவுக்கு எங்க சித்தப்பா மவன வரச் சொல்லுதேன்."

பிரேமாவுக்கு வந்ததே கோபம். "கடைத்தூசி என்னைய ஒண்ணுஞ் செய்யல. எல்லாம் அந்தத் தேரிக் காத்துதான்."

தேரி என்பது ஊருக்கு மேற்கே கிடக்கும் செம்மணல் காடு. ஆடி பிறந்தால் அந்த மணல் காற்றில் ஏறி வந்து காயப்போட்ட வேட்டியைக் காவியாக்கிவிடும். ஆகவே அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் நிரூபிக்க என்ன வழி?

அந்தச் சமயத்தில்தான் பேச்சிச்செல்வி வந்தாள். தாமிரபரணிப் பக்கத்துப் பெண், ஆராய்ச்சி மாணவி. இந்தக் கடற்கரைக் காற்றில் என்னென்ன மிதக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. தேரி மண், கடல் உப்பு, பூவின் மகரந்தம், பூஞ்சை வித்து எல்லாமே அதில் அடக்கம். காற்றை உறிஞ்சும் மிஷின் ஒன்றை வைக்க மொட்டை மாடி தேடிக்கொண்டிருந்தாள். ஒருவர் வாடகை கேட்டார், இன்னொருவர் கரண்டு பில்லைக் கேட்டார். பிரேமா அவளைப் பேசி முடிக்கவே விடவில்லை.

"நம்ம மாடியில வையி. ஆனா என் நெஞ்ச அடைக்கது எந்தத் தூசின்னு நீ கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

மிஷின் வந்தது. அதற்குள் ஒரு வட்ட வெள்ளைத்தாள் இருக்கும், காற்றிலுள்ள தூசி அதில் படியும். தினமும் காலையில் அதை மாற்றி உறையில் போட வேண்டும். பிரேமா அதைக் கடையின் தராசைப் போலவே பார்த்துக்கொண்டாள். முதல் நாளே சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டாள்.

ஆடி வந்தது. தாளெல்லாம் சிவந்தது. பிரேமா அதைக் கணவன் முன்னால் நீட்டி, "பாத்தீகளா?" என்றாள். ஆனால் வெள்ளிக்கிழமைத் தாள் மட்டும் கறுத்திருந்தது. அது மண்ணல்ல, புகை. வாரம் தவறாமல் யாரோ குப்பையை எரிக்கிறார்கள் என்று பேச்சிச்செல்வி முடிவுகட்டினாள். ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பி வந்து தெருத்தெருவாக ஸ்கூட்டியில் சுற்றினாள். எங்கேயும் ஒரு தீக்குச்சிகூட எரியவில்லை. சலித்துப்போய் விளக்கு வைக்கும் நேரத்தில் கடைக்கு வந்தாள்.

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து பார்த்தால் உள்ளே ஒரே மூட்டம். பிரேமா தூபக்காலில் சிரட்டைக் கரி கனல, சாம்பிராணியை அள்ளி அள்ளிப் போட்டு ஒவ்வொரு மூட்டைக்கும் காட்டிக்கொண்டிருந்தாள். தராசுக்கு, ஃபிரிட்ஜுக்கு, கால்குலேட்டருக்கு. புகை வெளியே போனால் லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்று ஷட்டரை இறக்குவது அந்தக் கடை வழக்கம். பிறகு பிரேமா தூபக்காலோடு மாடிப்படி ஏறினாள். பேச்சிச்செல்வியும் பின்னாலேயே போனாள்.

மாடியில் தூபக்காலை மிஷினின் மூக்குக்கு நேரே பிடித்து பிரேமா மூன்று சுற்றுச் சுற்றினாள்.

"அக்கா! என்ன செய்யுதீங்க?"

"நம்ம கடைச் சாமான்லா? இதுக்கு மட்டும் காட்டாம விட்டா நல்லாருக்குமா?"

பேச்சிச்செல்வி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். பிறகு கேட்டாள். "உங்களுக்கு என்னைக்கு மூச்சு வாங்கும்?"

"சனிக்கிழமை காலைல. வெள்ளிக்கிழம தலைக்கு ஊத்திட்டு ஈரத்தலையோட தேரிக் காத்துல..."

சொல்லிக்கொண்டே வந்தவள் கையிலிருந்த தூபக்காலைப் பார்த்தாள். அதை மூக்குக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை விளக்கும் பூவும் மட்டும்தான். லட்சுமி கோபித்துக்கொள்வாளோ என்று அவளுக்குப் பயம்தான், அதை மறைக்கவுமில்லை. சனிக்கிழமை காலை மாடிப்படி ஏறினாள். ஏறி முடித்தும் நெஞ்சில் விசில் இல்லை. காற்று சுழற்றி அடித்தது, தாள் மற்ற நாளைப் போலவே சிவந்திருந்தது. ஆடி முடிகிறவரை எல்லாச் சனிக்கிழமையும் அப்படியே போனது. அவள் சந்தோஷத்தில் அழுததை நான் பார்த்தேன்.

பேச்சிச்செல்வி மட்டும் பிடிகொடுக்கவில்லை. "அக்கா, ஒரு ஆளு நெஞ்ச வச்சு நான் எதையும் எழுத முடியாது. வேற காரணமும் இருக்கலாம். இன்னும் பாக்கணும்."

"நல்லா பாரு, எத்தன வருஷம்னாலும் பாரு. நான் இங்கனதான் உக்காந்திருப்பேன்" என்ற பிரேமா, கல்லாப்பெட்டியை இழுத்து மூடிவிட்டுக் கணவன் பக்கம் திரும்பினாள். "உங்க சித்தப்பா மவன் வர வேண்டாம்னு போன் போட்டுச் சொல்லிருங்க."