சங்கிலியின் தோளும் ஹாலிதாவின் வகுப்பும்

2004ஆம் ஆண்டு, வவுனியாவில் சிறியதொரு உளவளத்துணை நிலையத்தை நடத்திவந்த செல்வநாயகம், வெளிநாடுகளில் இருக்கும் தமிழ் மனநல வல்லுநர்கள் பலருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களோடு எப்படிப் பேசுவது, நித்திரையே வராதவர்களுக்கு என்ன செய்வது என்று தன் நிலையத்து ஆட்களுக்கு இணையம் வழியாக யாராவது கற்பிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். பதில் போட்டவர் ஒருவர்தான், ரொறன்ரோவில் இருந்த ஜனகன். அவருக்குத் தெரிந்தது ரிக் மட்டும்.

ரிக் என்றால் தோளோ, கண்ணோ, கழுத்தோ உடம்புக்காரரைக் கேட்காமல் துள்ளுவது. சிலருக்குத் தொண்டையிலிருந்து சத்தமும் வரும். மருந்தில்லாமல், பயிற்சியாலேயே அதைக் குறைக்க ஒரு வழி உண்டு. ஜனகனின் தொழில் அது.

"எங்கட சனத்துக்கு இப்ப இதுவோ தேவை?" என்று கேட்டார் நிலையத்தில் வேலை செய்த இளைப்பாறிய ஆசிரியர் செல்வராசா.

"தேவையானது கிடைக்கேல்லை. கிடைச்சதைப் படியுங்கோ," என்றார் செல்வநாயகம்.

படிக்கப் போனவர்கள் இரண்டு பேர்: செல்வராசாவும் ஹாலிதாவும்.

ஹாலிதா முல்லைத்தீவுப் பக்கத்துத் தண்ணீரூற்றில் பிறந்தவர். 1990இல் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது புத்தளத்துக்குப் போய், அங்கே முகாமில் பாலர் வகுப்பு நடத்தினார். 2002இல் சமாதானம் வந்ததும் கணவர் கச்சு முகம்மதுவோடு வவுனியாவுக்கு வந்தார். தண்ணீரூற்று வீட்டில் சுவர்கள் மட்டும் நின்றன. கூரை போடும்வரை வவுனியாவில் இருப்போம் என்று சொல்லிக் கச்சு முகம்மது கடைத்தெருவில் துணிக்கடை போட்டார். கூரை போடப்படவில்லை. நிலையத்து நேர்முகத் தேர்வில், அழுகிற ஆளைக் கண்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். மற்றவர்கள் நிறையச் சொன்னார்கள். ஹாலிதா, "பக்கத்தில இருப்பன்," என்றார். வேலை கிடைத்தது.

வகுப்பு சனிக்கிழமை பின்னேரங்களில், றிஷாட்டின் இன்டர்நெற் கடையில் நடந்தது. பலகைத் தடுப்பு ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கணினி. காதில் மாட்டுவது ஒன்றுதான் இருந்தது, படிப்பவர்கள் இருவர். ஆகவே ஸ்பீக்கரில் போட்டார்கள். கடையில் இருந்த எல்லோரும் ரிக் படித்தார்கள்.

ஜனகன் எட்டு வயதில் நாட்டை விட்டுப் போனவர். மரியாதைச் சொற்கள் வாயில் படியுமுன் போய்விட்டதால் எல்லோரையும் "நீ" என்றார். செல்வராசா கதிரையைப் பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். மூன்றாம் வகுப்பில் ஹாலிதா சொன்னார்:

"ஜனகன், செல்வராசா சேருக்கு உங்கட அப்பாவின்ர வயசு. நீங்கள் எண்டு கதையுங்கோ."

ஜனகன் மன்னிப்புக் கேட்டார். அன்றிலிருந்து எதற்கும் மரியாதை குறைக்கவில்லை. "இடது தோள் எழும்பி வருவார். அவரோட சண்டை பிடிக்கக் கூடாது. அவர் வர முதலே அவருக்கு வேற வேலை குடுக்க வேணும்," என்று கற்பித்தார். செல்வராசா கதிரையை முன்னுக்குக் கொண்டுவந்தார்.

அசைவுகளைக் கூர்ந்து கவனிக்கப் பழக வேண்டும் என்பது வீட்டுவேலை. ஹாலிதா கணவரைக் கவனித்தார்.

"என்னத்தைப் பாக்கிறாய்?"

"படிக்கிறன்."

"என்ர மூஞ்சியையோ?"

கச்சு முகம்மது விலை சொல்வதற்கு முன் தொண்டையைக் கனைப்பார். அது ரிக் அல்ல என்று ஹாலிதா கண்டுபிடித்தார்.

அடுத்ததாக ஆளுக்கொரு நோயாளியைக் கொண்டுவர வேண்டும். செல்வராசா கொண்டுவந்தவருக்கு வெறும் தும்மல். ஹாலிதா சங்கிலியைக் கூட்டிவந்தார்.

சங்கிலியின் சலூன், கச்சு முகம்மதுவின் கடைக்கு எதிரே இருந்தது. மலையகத்திலிருந்து கிளிநொச்சிப் பக்கத்து உருத்திரபுரத்துக்கு வந்து குடியேறிய குடும்பம். அங்கிருந்தும் இடம்பெயர்ந்து வவுனியாவுக்கு வந்தவர். நாற்பது வயது, தாயோடு இருந்தார். சின்ன வயதிலிருந்தே அவரது இடது தோள் காதுவரை துள்ளும், கூடவே "ஹ்ம்" என்றொரு சத்தமும் வரும். சவரம் செய்யும்போது தோள் அசையாது. ஆனால் வாசலில் எட்டிப் பார்க்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்? தோளைப் பார்ப்பார்கள், அடுத்த சலூனுக்குப் போவார்கள்.

"கத்தி கையில இருந்தா துள்ளாது மிஸ்," என்றார் சங்கிலி. "அதுக்காகக் கத்தியைப் பிடிச்சுக்கொண்டு வாசல்ல நிக்கேலாதே."

வகுப்பில் ஹாலிதா அவரைக் கேட்டார்: "துள்ள முதல் உங்களுக்கு என்ன தெரியும்?"

"ஒண்டும் தெரியாது. அது துள்ளும். அவ்வளவுதான்."

தோள் துள்ளும்போதெல்லாம் சுட்டுவிரலைத் தூக்கச் சொன்னார் ஹாலிதா. முதலில் தோள் எழும்பிய பிறகு விரல் எழும்பியது. அரைமணி நேரத்தில் இரண்டும் சேர்ந்து எழும்பின. பிறகு ஒரு தடவை விரல் முந்தியது. சங்கிலி தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சட்டைக்குள்ள ஆரோ கைவிட்டுக் கிள்ளுற மாதிரி இருக்கு மிஸ். பிறகுதான் துள்ளுது." தோளைத் தொட்டுப் பார்த்தார். "இவ்வளவு காலமும் இது இருந்திருக்கு. என்னை ஒருத்தரும் கேக்கேல்லை."

பக்கத்துத் தடுப்பில் கணினியில் விளையாடிக்கொண்டிருந்தவர் தலையை நீட்டிப் பார்த்தார்.

"இப்பதான் முக்கியமான விசயம்," என்றார் ஜனகன். "அவர் வரப்போறார் எண்டு தெரிஞ்ச உடன நீங்கள்..."

இணைப்பு அறுந்தது. அன்றைக்குத் திரும்ப வரவில்லை.

என்ன செய்வதென்று தெரியாததால், அடுத்த சனிக்கிழமை வரைக்கும் விரலைத் தூக்கினால் போதும் என்று ஹாலிதா சொல்லியனுப்பினார். சங்கிலி சலூன் வாசலில் நின்று ஒழுங்காகத் தூக்கினார். தெருவில் போனவர்கள், "கூப்பிட்டனீங்களோ?" என்று உள்ளே வந்தார்கள். வந்தவர்களுக்கு முடி வெட்டி அனுப்பினார். இதை ஹாலிதா சொன்னபோது, தான் படித்த எதிலும் இப்படி ஒன்று இல்லை என்றார் ஜனகன்.

விடுபட்ட விசயம் இதுதான்: கிள்ளல் தெரிந்ததும் முழங்கையை விலாவோடு அழுத்தி, தோளைக் கீழே இழுத்துப் பிடிக்க வேண்டும், கிள்ளல் அடங்கும்வரை. தோள் அடங்கியது. ஆனால் அப்படி விறைத்து நின்ற சங்கிலியைப் பார்த்து, காய்ச்சலோ என்று கேட்டார்கள். காய்ச்சல்காரரிடம் யார் சவரம் செய்துகொள்வார்கள்? ஹாலிதா யோசித்து, வாடிக்கையாளர் இருக்கும் கதிரையின் முதுகில் கையை ஊன்றி அழுத்தச் சொன்னார். சலூன்காரர் தன் கதிரையில் கை ஊன்றி நிற்பதில் யாரும் குறை காணவில்லை. ஜனகனும் சரி என்றார்.

பயிற்சியைச் செய்யும்போது பாராட்ட ஒரு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது அடுத்த பாடம். கச்சு முகம்மது ஒப்புக்கொண்டார். துணி அளந்தபடி தெருவுக்கு எதிர்ப்பக்கமிருந்து, "நல்லாப் பிடிக்கிறீங்கள் சங்கிலி," என்று உரத்துச் சொல்வார். ஒரு மாதத்தில் சங்கிலியின் தோளுக்கு என்ன நடக்கிறது என்பது கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. விசயம் தெரிந்த பிறகு யாரும் பயப்படவில்லை. தோளும் எப்போதாவதுதான் துள்ளியது. எது எதனால் குறைந்தது என்று ஹாலிதாவால் சொல்ல முடியவில்லை. ஜனகனாலும் முடியவில்லை.

சத்தம் மட்டும் போகவில்லை. அதற்குரிய பாடம் கடைசியில் இருந்தது.

2006 தொடக்கத்தில் சங்கிலி, தகப்பனின் காணியைப் பார்க்க வேண்டும் என்று சலூனை மூடிவிட்டுத் தாயோடு உருத்திரபுரம் போனார். "சத்தத்தின்ர பாடத்துக்குத் திரும்பி வாறன் மிஸ்," என்றார். ஓகஸ்ற்றில் சண்டை தொடங்கி, வடக்குக்குப் போகும் ஏ-9 பாதை பூட்டப்பட்டது. சங்கிலி பாதைக்கு அந்தப் பக்கம் அகப்பட்டுக்கொண்டார். றிஷாட்டும் கடையை மூடினார். வகுப்பு நின்றது. மூன்று வருடம் சங்கிலியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. "ஆளைப் பற்றி ஏதும் தெரியுமோ?" என்று கச்சு முகம்மது அவ்வப்போது கேட்பார். ஹாலிதாவுக்கும் தெரியாது.

போர் முடிந்து, 2009 நடுப்பகுதியில், வன்னிச் சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் முகாமுக்குள் ஹாலிதாவுக்கு வேலை கிடைத்தது. அங்கே ஒரு மரத்தின் கீழ் சங்கிலி, இரவல் கத்தரிக்கோலால் ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தார். பாதியாக மெலிந்திருந்தார். தோள் ஓயாமல் துள்ளியது.

"சங்கிலி அண்ணன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "மிஸ்," என்றார். பிறகு, "அம்மா இல்லை," என்றார்.

ஹாலிதா கிட்டப் போனார்.

"கொஞ்சம் நில்லுங்கோ மிஸ். இன்னும் ரெண்டு பேர் காத்திருக்கினம்."

அவர் முடிக்கும்வரை ஹாலிதா தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்றார். பிறகு இருவரும் நிலத்தில் இருந்தார்கள். சங்கிலி தாயைப் பற்றிச் சொன்னார், பங்குனியில் அவர்கள் இருந்த பதுங்குகுழியைப் பற்றிச் சொன்னார். நெடுநேரம் சொன்னார். தோளை வியாழக்கிழமை பார்ப்போம் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.