குடிக்காதவனின் கோட்டா

எங்கள் ஊரில் பட்டாளத்திலிருந்து திரும்பியவனுக்கு இரண்டு கடமைகள் உண்டு. ஒன்று, டீக்கடையில் உட்கார்ந்து சண்டைக் கதை சொல்வது. இன்னொன்று, மாதாமாதம் ராணுவக் கேன்டீனுக்குப் போய், தன் கார்டுக்கு ஒதுக்கிய ரம் பாட்டில்களை மலிவு விலையில் வாங்கி வந்து சொந்தபந்தங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது. நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. முதல் கடமையில் தோற்றுப்போனேன். அதற்கு ஈடாக இரண்டாவதைக் குறையில்லாமல் செய்தேன். கதை சொல்லாத மிலிட்டரிக்காரனை ஊர் மன்னித்துவிடும், பாட்டில் வந்தால்.

நான் பத்தாவது முடித்துப் பட்டாளத்தில் லாரி டிரைவராகச் சேர்ந்தவன். துப்பாக்கியைவிட ஸ்டியரிங்கைப் பிடித்த நேரம்தான் அதிகம். "எத்தினி பேர சுட்ட, அத்த சொல்லு" என்று டீக்கடையில் கேட்பார்கள். யாரையும் சுடவில்லை. மலைப்பாதையில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தபோது, எனக்கு முன்னால் போன லாரி ரோட்டோடு சேர்ந்து சரிந்து பள்ளத்தில் விழுந்ததைப் பார்த்தேன். அதில் போனவர்களோடுதான் அன்று காலையில் சப்பாத்தி தின்றேன். அதற்குப் பிறகு கண்ணை மூடினால் ரோடு சரிந்தது. ரம் குடித்தால் சரியவில்லை. இது டீக்கடைக்கு ஆகிற கதை இல்லை.

ஓய்வு பெற்று வந்து, திருப்போரூர்ப் பக்கமிருந்து மறைமலைநகர் தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிப் போகும் கம்பெனி பஸ் ஓட்டினேன். டிரைவரிடம் பேசக்கூடாது என்று வண்டிக்குள்ளேயே எழுதி வைத்திருப்பார்கள். எனக்கென்றே உண்டாக்கிய வேலை மாதிரி இருந்தது. ஒரு காலை ஷிப்டில் பஸ் காண்ட்ராக்டர் என் பக்கத்தில் வந்து மூக்கை உறிஞ்சினார். ராத்திரி குடித்தது இன்னும் இறங்கவில்லை. சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"நீ தெளிஞ்சிட்டேன்னு டாக்டரு எழுதித் தரட்டும். சாவிய நானே கையில குடுக்கறேன். அதுவரைக்கும் ஷெட்டு கேட்டாண்ட உக்காரு."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஐம்பது உயிர் ஏறுகிற வண்டி. எனக்கு அந்த பஸ் திரும்ப வேண்டும். வேறு ஆசை எதுவும் அப்போது இல்லை.

என்னைத் திருத்தும் பொறுப்பை என் மனைவியின் அண்ணன் ஏற்றுக்கொண்டார். மச்சான் நல்ல மனுஷன். மனை விற்கிறார், அதனால் எதையும் நம்பிக்கையாகப் பேசுவார். முதலில் ஒரு கோயிலுக்குக் கூட்டிப் போனார். அங்கே சாமி முன்னால் சத்தியம் செய்து கையில் கயிறு கட்டிக்கொண்டால் குடி நின்றுவிடுமாம். கட்டிக்கொண்டேன். திரும்பி வரும் வழியில் மச்சான் டாஸ்மாக் வாசலில் பைக்கை நிறுத்தினார்.

"இன்னா மச்சான், இங்க நிறுத்தற?" என்றேன்.

"கயிறு உனக்குத்தான கட்டுனாங்கோ. எனக்கா கட்டுனாங்கோ? நீ வண்டியப் பாத்துகினு இரு."

பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றாம் நாள் கயிறு கையிலேயே இருந்தது, நான் பழையபடி ஆனேன். சாமி குத்தம் வரும் என்று எல்லாரும் பயந்தார்கள். வந்த குத்தம் எல்லாம் ஏற்கெனவே வந்ததுதான்.

அடுத்தது பொடி. 'குடிப்பவருக்குத் தெரியாமல் கொடுக்கலாம்' என்று சுவர்களில் எழுதியிருப்பார்களே, அது. மச்சான்தான் வாங்கி வந்து தங்கையிடம் கொடுத்தார். எனக்குத் தெரியாமல் கொடுப்பதில் அவள் அவ்வளவு கவனமாக இருந்தாள், தட்டில் தூவினால் பார்த்துவிடுவேன் என்று குழம்புச் சட்டியிலேயே கொட்டிக் கலக்கிவிட்டாள். அன்றைக்குப் பார்த்து மச்சானும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். வீட்டில் இருப்பது ஒரே கக்கூஸ். அதன் வாசலில் நாங்கள் மூன்று பேரும் முறை வைத்து நின்றபோதுதான், எனக்கு வைத்தியம் நடக்கிறது என்ற விஷயமே எனக்குத் தெரிந்தது.

மூன்றாவதாகப் பெரிய செலவு செய்து, மாமல்லபுரம் தாண்டிக் கடலோரமாக ஒரு மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்தார்கள். யாரோ பணக்காரர் வாரக்கடைசிக்குக் கட்டிய பங்களா. வாசலில் 'புதிய விடியல்' என்கிற மாதிரி ஒரு பலகை, கேட்டில் பெரிய பூட்டு. நடத்துகிறவர் முன்னால் குடித்து நிறுத்தியவர். அந்த ஒரு தகுதியை வைத்தே டாக்டர், சாமியார், போலீஸ் மூன்று வேலையும் பார்த்தார். நான் மிலிட்டரி என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"அண்ணே, கும்புடப் போன தெய்வம் குறுக்க வந்தாப்புல வந்துகீற. காலையில பசங்களுக்கு பரேடு எடு."

மறுநாள் என் கழுத்தில் விசில் மாட்டப்பட்டது. கை நடுங்கும் ஒருவன், கை நடுங்கும் இருபது பேருக்கு 'ஒன், டூ' சொல்லிக்கொண்டு மணலில் ஓடினேன். ஒரு ரிட்டையர்டு கணக்கு வாத்தியார் மூச்சு வாங்க என்னிடம் வந்து, "சார், நான் குடிச்சதுக்கு எதுக்கு சார் ஓடணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. விசில் அடித்தேன். வைத்தியத்துக்குக் காசு கட்டிச் சேர்ந்துவிட்டு, சம்பளமில்லாமல் டிரில் மாஸ்டர் வேலை பார்த்தவன் நானாகத்தான் இருப்பேன். அங்கிருந்த வரை குடிக்கவில்லை, கேட் பூட்டியிருந்ததால். தூக்கம் வருகிறதா என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. வெளியே வந்த அன்று மச்சான் காரோடு வந்தார். டிக்கியில் எனக்காகவே ஒரு குவார்ட்டர் வைத்திருந்தார், 'நல்லா கீறியான்னு செக் பண்ண'. அந்தப் பரீட்சையில் தோற்றேன்.

பிறகு முன்னாள் படைவீரர்களுக்கான கிளினிக்குக்கு நானே போனேன். காத்திருக்கும் கூடத்தில் எல்லாரும் வயதானவர்கள். சுபேதார் இருந்தால் ஹவில்தார் எழுந்து இடம் கொடுக்கிறார், டோக்கன் நம்பர் என்னவாக இருந்தாலும். அங்கிருந்து பார்த்தால் எதிர்ப்பக்கம் கேன்டீன். இங்கே கல்லீரலுக்கு மாத்திரை வாங்க வரிசை, அங்கே ரம் வாங்க வரிசை. சிலர் இந்த வரிசையில் செருப்பைப் போட்டு இடம் பிடித்துவிட்டு அந்த வரிசைக்குப் போய் வந்தார்கள். ஒரே பயணத்தில் இரண்டு வேலையும் முடிகிற மாதிரி கட்டியவர் யாரோ, நல்ல யோசனைக்காரர். நானும் போய் வந்தேன்.

ஆனால் அந்த கிளினிக் டாக்டர் பிரஷர் பார்த்துக்கொண்டே, "எத்தனை நாளா தூக்கமில்ல?" என்று கேட்டார். பத்து வருஷத்துக்கும் மேலே என்றேன். பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். செங்கல்பட்டில் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார்.

மனநலம் என்றால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். தூணுக்குப் பின்னால் ஏற்கெனவே ஒருவர் நின்றிருந்தார். எங்கள் தெருவில் ரேஷன் கடைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்.

"இன்னா அண்ணாத்த, இங்க?" என்றார்.

"கண்ணு காட்ட வந்தேன்."

"நானும் கண்ணுதான்."

கண் பிரிவு வேறு கட்டடம். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் அந்தத் தூணடியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கண்புரையைப் பற்றிப் பேசினோம். நர்ஸ் அவர் பேரைக் கூப்பிட்டதும் என்னைப் பார்க்காமல் எழுந்து போனார்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். எனக்குப் பின்னால் நீள வரிசை நிற்க, பாதி தின்ற பிஸ்கட் மேஜையில் இருக்க, "குடிய அப்புறம் பார்க்கலாம். கண்ண மூடினா என்ன தெரியுது, அத முதல்ல சொல்லுங்க" என்றார். எனக்குப் பேச வரவில்லை. அவர் வற்புறுத்தவும் இல்லை. வார்டில் சேர்த்தார்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்று ஊசியும் மாத்திரையும் கொடுத்து மெதுவாக இறக்கினார்கள். பிறகு வாராவாரம் போய் உட்கார்ந்தேன். நாலாவதோ ஐந்தாவதோ வாரத்தில் அந்த லாரியைப் பற்றிச் சொன்னேன். 'எத்தனை பேரைச் சுட்டாய்' என்று கேட்காத ஒருவரிடம் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரி, காசும் கேட்கவில்லை. அதனாலேயே மச்சானுக்கு அந்த வைத்தியத்தில் நம்பிக்கை வரவில்லை.

குடி நின்றது. ஊரே சந்தோஷப்பட்டது. எவ்வளவு என்றால், பட்டாளத்திலிருந்து வந்த அன்றைக்குக்கூட எனக்கு அவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை. காரணம் புரிய ஒரு மாதம் ஆனது.

"மாப்ள, நீ வுட்டுட்ட, ரொம்ப சந்தோஷம்" என்றார் மச்சான். "அப்போ உன் கோட்டா முழுசா மிச்சம்தான? வீணாப் போவக்கூடாது பாரு. அது நீ நாட்டுக்கு ஒழச்சதுக்குக் குடுக்கறது."

முன்பு நான் குடித்ததுபோக மீதியைப் பங்கு போட்டவர்கள், இப்போது முழுதும் கிடைக்கிறது என்று வீடு தேடி வந்தார்கள். எனக்கு இல்லை என்று சொல்ல வாய் வராதே. மாதாமாதம் போனேன். குடியை விட்டவன் பாட்டில் பாட்டிலாக மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். என் பாத்தியதை, விட்டுக்கொடுப்பானேன் என்று எனக்கும் ஒரு நினைப்பு இருந்தது. பட்டாளத்தில் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமே கிடையாது. பூட்ஸ் கடித்தாலும் வாங்கிப் போட்டுக்கொள்வோம்.

இதை ஒருநாள் டாக்டரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"கம்பெனிக்குக் கடிதம் கேட்டீங்களே. வர்ற வாரம் தரலாம்னு இருந்தேன். பாட்டில் உங்க கையால வீட்டுக்குள்ள வர்றது நிக்கிற வரைக்கும் தர மாட்டேன்."

"நான் குடிக்கலையே மேடம். குடுக்கத்தான் வாங்கறேன்."

"பஸ்ல எவ்வளவு நேரம் மடியில வச்சிருக்கீங்க?"

எழுந்து வந்தேன். ஒவ்வொரு தடவையும் பஸ் கேளம்பாக்கம் வரும்போது வாயில் எச்சில் ஊறுவதை அவரிடம் சொன்னதில்லை.

அந்த மாதம்தான் மச்சானின் பேரனுக்குக் காதுகுத்து. கடற்கரை ரோட்டில் மண்டபம், பிரியாணி, பேனரில் தாய்மாமன்கள் எல்லாரும் கூலிங் கிளாஸோடு. 'மிலிட்டரி சரக்கு வருது' என்று மச்சான் முன்கூட்டியே சொல்லிவிட்டார். நான் கேன்டீனுக்குப் போனேன். ரம் வரிசை நீளம். மளிகை வரிசையில் ஆள் குறைவு. அதில் நின்று ஒரு பெரிய பிரஷர் குக்கர் வாங்கினேன். விசேஷத்துக்கு வெறுங்கையோடு போகக் கூடாதல்லவா.

மண்டபத்துக்குப் பின்னால் சவுக்குத் தோப்பில் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். கிளாஸ், சோடா, ஊறுகாய் எல்லாம் தயார். என் கையில் பெட்டியைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார்கள்.

"பெரிய பொட்டியா கீதே. மிலிட்டரி மனசும் பெருசு" என்றார் ஒருவர்.

மச்சானே பிரித்தார். குக்கரை வெளியே எடுத்து, மூடியைத் திறந்து, உள்ளே பார்த்தார். உள்ளேயும் ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொள்ள உள் தட்டையும் தூக்கிப் பார்த்தார்.

"எங்க மாப்ள?"

"வாங்கல."

"வெளாடாத. வண்டியில வச்சிகீறியா?"

"வாங்கல. இனிமேலும் வாங்க மாட்டேன்."

அவ்வளவுதான் பேசினேன். காது இரண்டும் சுட்டது. அப்புறம் ஒரு பெரியவர், "இத்த வச்சிகினு இன்னாடா பண்றது, சோடாவ ஊத்தி விசிலு வுடறதா?" என்றார். சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை.

"சொந்தக்காரங்க முன்னாடி என் மானத்த வாங்கிட்ட. உன்ன மனுஷனா ஆக்கறதுக்கு எத்தினி எடத்துக்கு இட்டுகினு போனேன். அந்த நன்றி கீதா உனுக்கு?"

டாஸ்மாக்குக்கு ஆள் ஓடியது. வந்த பாட்டிலில் முதல் கிளாஸை ஊற்றி என் பக்கம்தான் நீட்டினார்கள். கோபமெல்லாம் இதோடு போகட்டும், சமாதானத்துக்கு ஒரே ஒரு கிளாஸ் என்று. அந்த வாசனைக்கு என் உடம்பு முழுக்க எழுந்து நின்றது. அதை மறைத்துப் பயனில்லை. பட்டாளத்தில் கற்றுக்கொண்டதில் இந்த ஒன்றுதான் அன்றைக்கு உதவியது: திரும்பு, நட.

நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன். பெண்களும் குழந்தைகளும் உட்கார்ந்திருந்த முதல் பந்தியில் ஒரே ஆண்பிள்ளையாக என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இன்னாயா, மொத பந்திக்கே வந்துட்ட?" என்றாள். என் கையைப் பார்த்தாள். என் இலையைத் தன் பக்கம் இழுத்து, கறித் துண்டுகளைப் பிய்த்துப் போட்டு, திரும்பத் தள்ளினாள். "துன்னு. ஊட்டுக்குப் போலாம்."

டாக்டர் கடிதம் எழுதினார். காண்ட்ராக்டர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, கடிதத்தில் நம்பிக்கை இல்லாமல் என் வாயை ஊதச் சொன்னார். ஊதினேன். சாவியைக் கொடுத்தார். இப்போதும் தினம் காலையில் ஊதுகிறேன். மாத்திரையும் தொடர்கிறது. சில நாள் ராத்திரி ரோடு சரியத்தான் செய்கிறது. மறுவாரம் டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.

மச்சான் பேசுவதில்லை. பக்கத்து ஊரில் புதிதாக ஓய்வு பெற்று வந்த ஒரு பட்டாளத்துக்காரரை மாலை போட்டு வரவேற்றார் என்று கேள்விப்பட்டேன். அந்த ஆளுக்கு என் போன் நம்பரைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். இதுவரை கூப்பிடவில்லை. கூப்பிட்டால், ஆஸ்பத்திரியில் எந்தத் தூணுக்குப் பின்னால் நிற்கலாம் என்று சொல்வேன்.