பட்டியலில் இல்லாத நாற்காலி

என் மச்சான் அகமது கபீர் ஷார்ஜாவில் ஒரு குடோனுக்கு ஸ்டோர் கீப்பர். பதினேழு வருடத்தில் தன் குடோனிலிருந்து ஒரு போல்ட்டுகூடக் காணாமல் போனதில்லை என்பதைக் கல்யாண வீட்டிலும் சொல்வார், மையத்து எடுக்கிற வீட்டிலும் சொல்வார். கீழக்கரைக்கு லீவில் வந்தாலும் கை சும்மா இருக்காது. மீன் வாங்கப் போவதற்கே பட்டியல் எழுதுவார். அதில் மீன் ஒன்றுதான் இருக்கும். என் அக்கா, எங்கள் பேச்சில் லாத்தா, எப்படித்தான் இந்த மனிதரோடு குடும்பம் நடத்துகிறாளோ என்று நினைப்பேன். வருடத்துக்கு ஒரு மாதம்தானே நடத்துகிறாள் என்பதும் உண்மை.

அவர்களுடைய மகள் இஃப்ராவுக்குப் பத்து வயது. பிறந்ததிலிருந்து கால்கள் ஒத்துழைக்கவில்லை. சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். வாய் மட்டும் மூன்று பேருக்குப் போதும். போன வருடம் வகுப்பே அரிச்சல்முனைக்குச் சுற்றுலா போனபோது இவள் போக முடியவில்லை. தண்ணீர் ஓரத்தில் ஒவ்வொருத்தியும் தனியாக நின்று எடுத்துக்கொண்ட போட்டோக்களைப் பார்த்துவிட்டு மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை. லீவில் வந்ததும் கூட்டிப் போவதாக மச்சான் போனில் வாக்குக் கொடுத்தார்.

“வேன்ல ஏத்த, எறக்க மட்டும் தூக்கலாம் வாப்பா. தண்ணிக்குத் தூக்கிட்டுப் போகக் கூடாது. நான் கைப்புள்ள இல்ல” என்று இவள் நிபந்தனை போட்டாள்.

கல்யாணம், விருந்து என்று லீவு கரைந்து, கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போதுதான் நேரம் வாய்த்தது. வேன் என்னுடையது. எங்கள் ஊரில் ஒரு வேன் கிளம்பினால் தெருவே ஏறிக்கொள்ளும்; பதினான்கு பேர். பிரியாணி தேக்சா, மூன்று சஹன், பாய், குடை, தண்ணீர் கேன். சஹன் என்பது நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற அகலமான தட்டு. அது இல்லாமல் சாப்பிட்டால் எங்களுக்கு வயிறு நிறையாது. மச்சான் வாசலில் நின்று ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டார். மகளைத் தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்துவிட்டு அதற்கும் ஒரு டிக்.

பாம்பன் பாலமெல்லாம் பாட்டும் கூத்துமாகக் கடந்து, ரோடு முடிகிற இடத்தில் நிறுத்திப் பின்கதவைத் திறந்தேன். எல்லாம் இருந்தது. நாற்காலி இல்லை.

தேக்சாவுக்கு இடம் பண்ணுவதற்காக அதை மடக்கி வீட்டுக்குள் வைத்தவன் நான்தான். அதைச் சொல்ல அப்போது தைரியம் வரவில்லை. மச்சான் என்னைப் பார்க்கவே இல்லை, பட்டியலைத்தான் பார்த்தார். அதில் ‘இஃப்ரா’ என்று இருந்தது. நாற்காலி என்று தனியாக எழுதவில்லை. அவர் கணக்கில் இரண்டும் ஒன்று.

போய் எடுத்துவர நாலு மணி நேரம் ஆகும். அதற்குள் இருட்டப் போகிறதென்று போலீஸ்காரர்கள் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

“ஒரே ஒரு தடவ வாப்பா தூக்கிக்கிறேம்மா” என்று கெஞ்சினார்.

“வேணாம். நீங்கல்லாம் போயிட்டு வாங்க. நான் வேன்லயே இருக்கேன்.”

அழுதிருந்தாலாவது தேவலை. அவள் அழவில்லை. மச்சான் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. எனக்கு என்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

சரி, சோற்றையாவது இறக்குவோம் என்று சஹன்களை எடுத்தேன். மூன்றையும் அடுக்கிச் சுமக்கச் சோம்பல்பட்டு மணலில் இழுத்துக்கொண்டு நடந்தேன். ஜன்னலிலிருந்து ஒரு கத்தல்.

“மாமா! அது எப்படி வழுக்கிக்கிட்டுப் போவுது! எனக்கு அது வேணும்!”

லாத்தாவுக்குப் பதறிவிட்டது. “சோறு வைக்கிற சஹன்லயா உக்காருவே? பாவம்ல!”

“இனிமே இது சோத்துக்கு இல்ல. இஃப்ராவுக்கு” என்றார் மச்சான். சொன்னதோடு நிற்காமல் பட்டியலிலும் ஒரு சஹனைக் கோடு போட்டு அடித்தார்.

விளிம்புக்குக் கீழே, வேனில் கிடந்த கயிற்றைச் சுற்றிக் குடோன் முடிச்சுப் போட்டார். பாயை மடித்துப் போட்டு அதன்மேல் அவளை வேனிலிருந்து இறக்கிவிட்டார். இஃப்ரா விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நானும் மச்சானும் மாடுகள். “மெதுவா! இடது பக்கம்! மாமாவுக்கு மூச்சு வாங்குது, நில்லுங்க!” என்று ஓட்டியவள் அவள். மச்சான் இரண்டு தடவை குப்புற விழுந்தார். சுற்றுலா வந்த யாரோ கைதட்ட, இஃப்ரா ராணி மாதிரி தலையை ஆட்டினாள்.

அலையில்லாததால் ‘பெண் கடல்’ என்று நாங்கள் சொல்லும் பக்கம், தண்ணீர் அவள் விரல்களை நனைக்கிற இடத்தில் நிறுத்தினோம். இஃப்ரா குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளிப் பார்த்தாள். பிறகு, “வாப்பா, தள்ளி நில்லுங்க” என்றாள்.

பத்தடி தள்ளினார்.

“இன்னும். ஒங்க நெழல் விழுது.”

மகளோடு இருக்க வருடமெல்லாம் காத்துக் கிடந்து வந்த மனிதர், கையில் கயிறோடு பின்வாங்கிக்கொண்டே போனார். போனை எடுத்து எட்டுப் படம் எடுத்தார். கண்ணில் நீர் நின்றதால் எல்லாம் கோணல். ஒன்பதாவதை அவள் ஒப்புக்கொண்டாள்.

அன்று ஒரு சஹனுக்கு ஏழு பேர் முட்டிக்கொண்டு சாப்பிட்டோம்.

இரண்டு நாள் கழித்து மதுரை ஏர்போர்ட்டில் அவரை இறக்கினேன். நாற்காலியை வேனிலிருந்து எடுத்து வீட்டுக்குள் வைத்தது நான்தான் என்று அங்கேதான் ஒப்புக்கொண்டேன். அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை; போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நீலக் கடல், வெள்ளை மணல், நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்து சிரிக்கிற இஃப்ரா. வேறு ஒருவரும் இல்லை.

“புள்ளையோட சேந்து ஒண்ணு எடுக்காம விட்டுட்டீங்களே மச்சான்” என்றேன்.

“ஏலே ரிஃபாய், இதுல நான் இல்லாததுதான்டா அழகு” என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.