அம்மா கிண்டிய ரம் ஜாம்

ஜாமில் ரம் ஊற்றலாம் என்று எங்கள் வீட்டில் முதலில் சொன்னவர் சித்தப்பா. சுற்றுலாக் கப்பலில் மது பரிமாறும் இடத்தில் எடுபிடியாக இருந்தவர், ஒரு டிசம்பரில் விடுப்பில் திருவொற்றியூர் வந்திருந்தார். அன்னாசிச் சாறு, தேங்காய்ப்பால், ரம் மூன்றையும் கலந்து நீட்டினால் வெள்ளைக்காரர்கள் சொக்கிப்போவார்கள் என்று அளந்துகொண்டிருந்தவர், அதையே ஜாமாகக் கிண்டினால் என்ன என்றார்.

குடிவாடை அடித்தால் அப்பாவின் சட்டையைத் தெருவில் எறிகிற அம்மா, எவ்வளவு ரம் வேண்டும் என்று ஆசையாகக் கேட்டாள். எனக்கு ஆச்சரியம்.

எங்கள் தெருவில் பாதி வீடுகள் கிறிஸ்துமஸ் கொண்டாடும். கேக்கும் முறுக்கும் டப்பா டப்பாவாக வரும். வந்த டப்பாவை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் கிடையாது. மற்ற வருஷங்களில் ஒரு கை சர்க்கரை போட்டு அனுப்புவோம். இந்த முறை ஜாம் போகும் என்று அம்மா அறிவித்துவிட்டாள்.

அப்பா வேலை பார்த்த மீன்பிடி லாஞ்சு, புத்தாண்டுக்கு மறுநாள் கடலுக்குப் போகவேண்டும். இனி ஒருமுறை குடித்துவிட்டு வந்தால் ஏற்றமாட்டேன் என்று ஓனர் ஆள் விட்டுச் சொல்லியிருந்தார். வேறு படகுகளில் ஏற்கெனவே அப்படித்தான் ஆகியிருந்தது. அரிசிப் பானை காலியாவதும் நிரம்புவதும் எங்களுக்குப் பழக்கம். அந்த மாதம் அது நிரம்பவில்லை, அவ்வளவுதான். அப்பாவுக்குச் சரக்குக் கடையில் கடனும் கிடைக்காது. சித்தப்பா கப்பலிலிருந்து கொண்டுவந்த இரண்டு பாட்டில்கள் மட்டும் பீரோ மேல் பண்டிகைக்காகக் காத்திருந்தன.

டோல்கேட்டுக்குப் போய்த் தள்ளுவண்டியில் அன்னாசி வாங்கி வந்தோம். மீன்சட்டியில் கிண்டினால் ஜாம் கவிச்சை அடிக்கும் என்று பாய் வீட்டிலிருந்து பிரியாணி குண்டான் இரவல் வாங்கினோம். அவர்களுக்கென்று ரம் படாத ஜாமை முதலில் கிண்டி எடுத்துவைத்தாள் அம்மா. பிறகு மிச்சப் பழமும் சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் கொதிக்க ஆரம்பித்ததுமே பாட்டிலைத் திறந்து முழுசாகக் கவிழ்த்தாள்.

சித்தப்பா பதறிவிட்டார். "அண்ணி, இன்னா பண்றீங்க? அடுப்ப அணைச்சிட்டு ரெண்டு மூடிதான் ஊத்தணும். இப்ப ஊத்துனா சரக்கெல்லாம் ஆவியா பூடும்."

"போனா போவுது. நீ கிண்டு தம்பி."

வாசலில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்த அப்பாவை வாசனை எழுப்பிக்கொண்டு வந்தது.

"இன்னாடி, என் சரக்குல கை வெச்சிட்டியா?"

"உந்தம்பி கத்துக்குடுத்ததுய்யா. தெரு பூரா டப்பா வந்துகினு கீது. காலி டப்பாவ குடுத்தா உனுக்குத்தான் அசிங்கம்."

அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா குண்டானைப் பார்த்தார். அதற்குள் இரண்டாவது பாட்டிலும் உள்ளே போய்விட்டது.

ஜாம் நன்றாகத்தான் வந்தது. கழுவிய ஊறுகாய் பாட்டில்களில் அடைத்து, வந்த டப்பாக்களோடு நான்தான் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எதிர்வீட்டுக்காரர் அப்பாவை வழிமறித்து, "மாமு, உன் ஊட்டு ஜாமு சோக்கா கீதுபா" என்றார். அப்பா பல்லைக் காட்டினார். அன்று சாயங்காலம் ஏதாவது மிச்சமிருக்கும் என்ற நம்பிக்கையில் ஒரு பாட்டில் ஜாமை ஸ்பூன் ஸ்பூனாகத் தின்று தீர்த்தார். வயிறு கலங்கியதுதான் மிச்சம். சித்தப்பாவோடு இரண்டு நாள் பேசவில்லை. புத்தாண்டுக்கு மறுநாள் விடியலில் யாரும் எழுப்பாமல் எழுந்து லாஞ்சுக்குப் போனார்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, ஊர் ஊராகப் பல அடுப்படிகளில் வெந்தபின் ரம்மை எப்போது ஊற்றவேண்டும் என்று எனக்கும் தெரிந்தது. அப்போதோ அம்மாவுக்குச் சமையல் புத்தி போதாது என்றே நினைத்தேன். அடுத்த கிறிஸ்துமஸுக்கு வந்த சித்தப்பா, கொதிக்கும்போது ஊற்றாதீர்கள் என்று மறுபடி பாடம் நடத்தினார். அம்மா சிரத்தையாகத் தலையாட்டினாள்.

பழம் கொதி வந்த நேரத்தில் அப்பா உள்ளே வந்தார். பீரோ மேலிருந்த பாட்டிலைத் தானே எடுத்து, மூடியைத் திருகி, அடுப்புப் பக்கத்தில் வைத்துவிட்டு வலையிடம் திரும்பிப் போனார். அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அன்னாசிப் புகை கண்ணைக் கரிக்கிறது என்று நினைத்தேன். அப்பாவுக்கு ஜாம்மேல் இவ்வளவு ஆசையா என்றும்.