மாப்பிள்ளை இறங்கும் வீடு

காரைக்காலில் அந்தத் தெருவில் வீடு கட்டுகிறவர்களுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் லைசென்ஸ் வைத்திருக்கும் இன்ஜினீயர், இன்னொருவர் அஜீசுன்னிசா. இன்ஜினீயர் பிளான் போட்டுக் கையெழுத்து வைப்பார். அந்த பிளான் ஆபீசில் எந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறது, ஏன் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது என்பதை அஜீசுன்னிசா சொல்லுவாள். புருஷன் துபாயிலோ குவைத்திலோ இருக்க, செங்கல், மணல், கொத்தனார் என்று அத்தனையும் தலையில் விழுந்த பெண்கள் அவளைத்தான் தேடி வந்தார்கள். அடித்தளம் எழும்பியதும் ஆய்வுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் நிறைவுச் சான்றிதழ் வாங்க வேண்டும். அது இல்லாவிட்டால் நிரந்தரக் கரண்ட் கிடையாது. எல்லாம் ஆன்லைன் ஆன பிறகு பாதித் தெருவின் செய்தி அவள் செல்போனில்தான் வந்து விழுந்தது. மீன் ஆய்ந்துகொண்டிருந்தாலும் கையைத் துடைத்துவிட்டுப் படிப்பாள். "வியாழக்கெழம ஒன் வூட்ட அளக்க வர்றாங்களாம், சாரத்தப் பிரிச்சு வை" என்று எதிர்வீட்டுக்குக் குரல் கொடுப்பாள்.

நல்ல மனசு, பொதுச்சேவை என்று யாராவது பாராட்டினால் மறுக்காமல் கேட்டுக்கொள்வாள். உண்மை வேறு. அவள் இந்தச் சட்டதிட்டம் அத்தனையையும் கற்றுக்கொண்டது ஒரே ஒரு ஆளைக் கவிழ்ப்பதற்காக. அந்த ஆள் பக்கத்து வீட்டில் இருந்தான். பெயர் காஜா நஜ்முதீன், பஜாரில் பாத்திரக்கடை. வாயளவில் அவள் அவனை அண்ணன் முறையில் நானா என்றாள். மனசுக்குள் அவன் எப்போதும் அவன்தான்.

சங்கதி இதுதான். அந்தத் தெருவில் பெண் கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணுக்குக் கொடுத்த வீட்டில் வந்து இறங்குவார். மகள் பிறந்த அன்றே தகப்பன் மனசில் அஸ்திவாரம் போட்டுவிடுவான். அஜீசுன்னிசாவின் புருஷன் சேக் பரீது ஷார்ஜாவில் வெயில் குடித்துச் சேர்த்ததெல்லாம் ஒற்றை மகள் நஜீபாவின் வீட்டுக்காகத்தான். தங்கள் வீட்டுக்கும் நஜ்முதீன் வீட்டுக்கும் நடுவில் கிடந்த மனையை வாங்கினார்கள். பத்திரத்தை நஜீபா பேரிலேயே எழுதினார்கள். திருமலைராயன்பட்டினத்தில் மாப்பிள்ளை அமைந்தது. பையன் துபாயிலிருந்து இரண்டு மாத லீவில் வருவதாக ஏற்பாடு. வீடு அதற்குள் முடிந்துவிடும் என்று கொத்தனார் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார்.

பக்கவாட்டில் மூன்றடி காலி இடம் விட வேண்டும் என்பது பிளான். கொத்தனார் ஒன்றரை அடிதான் விட்டார். அஜீசுன்னிசாவுக்கும் அது தெரியும். அறை கொஞ்சம் பெரிதாகக் கிடைக்கட்டுமே என்று சும்மா இருந்தாள். தெருவில் யார்தான் சரியாக விட்டார்கள்? மாடிக் கான்கிரீட் போட இருந்த வாரத்தில் ஆபீசிலிருந்து அளக்க வந்தார்கள். யார் எழுதிப் போட்டது என்று அவர்கள் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. நஜ்முதீன் தன் மாடியில் நின்று, எங்கே டேப் பிடிக்க வேண்டும் என்று விரல் நீட்டிக் காட்டியதைத் தெருவே பார்த்தது. வேலையை நிறுத்தச் சொல்லி வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். சுவரை இடித்துத் தள்ளிக் கட்டினால்தான் மேற்கொண்டு அனுமதி.

பையன் வந்து இறங்கிவிட்டான். வீடு கூரையில்லாமல் நின்றது. பையனின் உம்மா ரோஷன் பேகம் நல்ல மனுஷி. அவளே வந்து உட்கார்ந்து பேசினாள்.

"வூடு என்ன ஓடியா போவுது? ஒரு வாடக வூடு பாப்போம் அஜீசா. நிக்காஹ முடிச்சிருவோம். புள்ளைக்கு லீவு முடியப் போவுதுல்ல."

"எங்க வூட்டு மாப்புள்ள வாடக வூட்டுல எறங்குனாருன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது சம்மந்தி. வூடு முடியட்டும். அடுத்த லீவுக்கு வச்சுக்குவோம்."

அடுத்த லீவுக்கு அந்தப் பையன் வந்தான். வேறு வீட்டில் இறங்கினான்.

அதன் பிறகு நஜீபாவுக்கு வந்த இடமெல்லாம் ஒரு கேள்வியோடு வந்தது. முதல் சம்மந்தம் ஏன் நின்றது என்ற கேள்வி. அதற்கு வீடு, சுவர், நோட்டீஸ் என்று பதில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. பெண்ணிடம்தான் ஏதோ என்று எழுந்து போனார்கள். அப்புறம் வருவதும் குறைந்தது. நஜீபா ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராகப் போனாள். யாரையும் குறை சொல்லவில்லை, வீட்டில் பேச்சையும் குறைத்துக்கொண்டாள்.

அஜீசுன்னிசா வீட்டைக் கட்டி முடித்தாள். சுவரை இடித்தாள், தள்ளிக் கட்டினாள். வீம்புக்கென்றே மூன்றடிக்கு மூன்றரை அடி விட்டாள். ஜன்னல், படி, கழிவுநீர்த் தொட்டி என்று அங்குலம் அங்குலமாகப் பிளான்படி கட்டி, ஆபீசுக்கு நடந்து நடந்து நிறைவுச் சான்றிதழ் வாங்கினாள். அப்படி நடந்தபோதுதான் சட்டம் படிந்தது. மாப்பிள்ளை இறங்க வேண்டிய வீட்டில் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் குடும்பத்தோடு வாடகைக்கு இறங்கினார். மொட்டைமாடியில் அவர்கள் வீட்டுத் துணி காய்வதைப் பார்க்கும்போதெல்லாம் அஜீசுன்னிசாவுக்கு வயிறு எரியும். எரியட்டும் என்று விட்டாள். நஜ்முதீனுக்கும் ஒரு மகள் இருந்தாள், நுஸ்ரத் என்று. வளரட்டும் என்று காத்திருந்தாள்.

அந்த நோட்டீஸ் ஒட்டிய எட்டாம் வருஷம் நஜ்முதீன் மகளுக்கு வீடு கட்ட ஆரம்பித்தான். தன் வீட்டுக்குப் பின்னால், அஜீசுன்னிசாவின் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும் மனையில். அஜீசுன்னிசா தினமும் துணி காயப்போட ஏறினாள். வீட்டில் அத்தனை துணி ஏது என்று நஜீபா ஒருநாள் கேட்டாள். அவள் அடுத்த துணியை உதறினாள்.

அடித்தளம் பிளான்படி சரியாகத்தான் இருந்தது. அளக்க வந்தவர்கள் திருப்தியாகப் போனார்கள். அவர்கள் தலை மறைந்ததும் நஜ்முதீனுக்குக் கை அரித்தது. உள்ளே வைக்க வேண்டிய மாடிப்படியை வெளியே இழுத்து, பக்கத்துக் காலி இடத்தில் குழி தோண்டினான். அஜீசுன்னிசா ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் குழியை வெகுநேரம் பார்த்தாள். அத்தனை வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக அவள் எதையும் பார்த்ததில்லை.

அன்றே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குழியைச் சொன்னால் குழியை மூடுவான், அதோடு போய்விடும். படி எழும்பட்டும். படி ஏறிப் போய் மேலே அனுமதி இல்லாத அறை ஒன்று வரட்டும். டைல்ஸ் ஒட்டட்டும். பத்திரிகை அடிக்கட்டும். தனக்கு எந்த இடத்தில் வலித்ததோ அதே இடத்தில் அவனுக்கும் வலிக்க வேண்டும். அதுவரைக்கும் அவள் முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. "படி அகலமா அமஞ்சிருக்கு நானா, சாமான் ஏத்த எறக்க சௌரியம்" என்று சுவரருகே நின்று மெச்சினாள். நோன்பு மாசத்தில் ஒரு தூக்கு நிறையக் கஞ்சிகூடக் கொடுத்தனுப்பினாள். அவனும் வாங்கிக் குடித்தான்.

பத்திரிகை வந்தது. தாம்பாளத்தில் வைத்து நீட்டினார்கள். வாங்கிப் படித்து, துஆ செய்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டு, மறுநாள் காலையில் புர்காவை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். அங்கே அறிவுச்செல்வன் என்று ஒரு இளம் இன்ஜினீயர், அவளை நன்றாகத் தெரிந்தவர். அவள் காட்டிய போட்டோவைப் பார்த்தார்.

"ஏம்மா, நீங்க அடுத்த வீட்டுலதான இருக்கீங்க? படிக்குக் குழி தோண்டும்போதே சொல்லியிருந்தா ஒரு நாள் வேலையோட போயிருக்குமே. இப்ப கல்யாண வீடுங்கிறாங்க."

"அப்ப என் கண்ணுல படல சார்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கண்ணில் படாத பெண்மணியா இவள் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் புகார் புகார்தான், படியும் பொய்யில்லை. வந்தார்கள், அளந்தார்கள். அஜீசுன்னிசாவும் ஒளியவில்லை. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று, டேப்பை எங்கே பிடிக்க வேண்டும் என்று விரல் நீட்டிக் காட்டினாள். கீழே நின்ற நஜ்முதீன் நிமிர்ந்து அந்த விரலைப் பார்த்தான். அவன் முகம் வெளிறியதை அவள் ஆற அமரப் பார்த்தாள்.

சாயங்காலம் அவன் வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"தங்கச்சி, படிய இடிச்சு உள்ள வைக்க ரெண்டு மாசமாவது ஆவும். கல்யாணம் அடுத்த மாசம். நீங்க ஆபீசுக்கு வந்து சமாதானம் ஆயிட்டோம்னு ஒரு வார்த்த சொன்னா..."

"எம்மவ கல்யாணமும் அடுத்த மாசமாத்தான் இருந்துச்சு நானா."

"என் அடுப்படி ஜன்னல் அடஞ்சு போற மாதிரி சொவர எழுப்புனீங்க. நான் என்ன பண்றது?"

"சொவத்துக்கு இந்தப் பக்கமா நின்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"சொன்னா கேட்டிருப்பீங்களா?"

அஜீசுன்னிசா எழுந்து வாசல் விளக்கைப் போட்டாள். "படிய இடிங்க. இடிச்சிட்டுக் கூப்பிடுங்க, கம்ப்ளீஷன் எப்படி வாங்குறதுன்னு நான் சொல்லித் தர்றேன்" என்றாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அன்றைக்கு அவள் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

நோட்டீஸ் ஒட்டிய கதை நாகூர் வரைக்கும் போனது. மாப்பிள்ளை வீடு அங்கேதான். அவர்கள் வந்து பேசினார்கள் என்று கேள்விப்பட்டாள். கல்யாணம் தள்ளிப்போகும், தள்ளிப்போனது தானாக நின்று போகும், நுஸ்ரத்தும் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போகட்டும் என்று மனசில் நடத்திப் பார்த்தாள். பாவம் என்று ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றவில்லை.

ஒரு வாரம் கழித்து, பள்ளிக்கூடம் விட்டு வந்த நஜீபா அலமாரியைத் திறந்து வாடகைக்கு விட்டிருந்த தன் வீட்டின் சாவியை எடுத்தாள். துறைமுகக்காரர் மாற்றலாகிப் போய் வீடு அப்போது காலியாக இருந்தது.

"யாருக்குச் சாவி?" என்றாள் அஜீசுன்னிசா.

"நுஸ்ரத்துக்கு. மாப்புள்ள அந்த வூட்டுலதான் எறங்கப் போறாரு. வாடக பேசியாச்சு."

அஜீசுன்னிசா கத்தினாள். "யாரக் கேட்டுக் கொடுத்த?"

"யாரக் கேக்கணும்? பத்திரத்துல என் பேருதான இருக்கு."

"ஒன் கல்யாணத்த நிறுத்துனவன் மவளுக்கா?"

நஜீபா அலமாரியைச் சாத்தினாள்.

"அவரு சொவத்த நிறுத்துனாரு உம்மா. கல்யாணத்த நிறுத்தல. ரோஷன் மாமி இங்க ஒக்காந்து வாடக வூடு போதும்னு கேட்டப்ப நான் உள்ளதான் இருந்தேன். நீங்க மாட்டேன்னீங்க. நுஸ்ரத்தோட வாப்பா சரின்னுட்டாரு. அவ்ளோதான் வித்தியாசம்."

"அன்னிக்கே நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."

"நீங்க என்னயக் கேட்டீங்களா?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தேவலை. கணக்குப் பாடத்தில் தப்பு எங்கே என்று பிள்ளைக்குக் காட்டுகிற குரலில் கேட்டுவிட்டு அவள் படியிறங்கிப் போனாள்.

நிக்காஹுக்கு மிச்சமிருந்த இரண்டு வாரமும் அஜீசுன்னிசா யோசித்தாள், அந்த வீட்டின் மேல் என்ன புகார் கொடுக்கலாம் என்று. பக்கத்து இடைவெளி மூன்றரை அடி. படி உள்ளே. தொட்டி சரி, கரண்ட் சரி, சான்றிதழ் பக்காவாக இருக்கிறது. தெருவிலேயே ஒரு குற்றமும் சொல்ல முடியாத வீடு அதுதான். சொல்ல முடியாதபடி கட்டியவள் அவளே.

நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளை வந்து இறங்கினார். போகாமல் இருந்தால் தெரு ஒன்று பேசும், போனால் ஒன்று பேசும். அஜீசுன்னிசா போனாள். வாசலில் கால் வைத்ததுதான் தாமதம், நஜ்முதீன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"வாங்க தங்கச்சி. வூட்டுக்காரங்க நீங்க, பின்னால நிக்கலாமா?" என்றவன் சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சொன்னான். "சட்டப்படி தப்புன்னா எடுத்துச் சொன்னாங்க. மானம் போவப்போற நேரத்துல மவளோட வூட்டயே தெறந்து வுட்டாங்க. இந்த மனசு யாருக்கு வரும்?"

பெண்களில் இரண்டு பேர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் கொடுக்கவில்லை, கொடுத்திருக்கவும் மாட்டேன் என்று அஜீசுன்னிசாவுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நஜ்முதீனின் நன்றி சுட்ட அளவுக்கு அவன் வரவழைத்த நோட்டீஸ்கூட அவளைச் சுட்டதில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். எதிரே புதுப் பாயில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். ரோஷன் பேகத்தின் மகனும் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருப்பான்.

நஜீபா தட்டில் சர்பத் ஏந்தி, விருந்துக்கு வந்த பெண்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தாள். வரிசையில் உம்மாவும் வந்தாள். விருந்தாளிக்கு நீட்டுவது போல அவளுக்கும் ஒரு தம்ளரை நீட்டி, "எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவளிடம் போனாள்.