மச்சானின் இதயத்தில் சென்ட்ரிங் வேலை

என் அக்கா அஜீசுன்னிசாவின் கணவர் ஹபிபுல்லா மச்சானுக்குக் குவைத்தில் சென்ட்ரிங் வேலை. கான்கிரீட் கொட்டுவதற்கு முன் பலகை அடித்து முட்டுக் கொடுக்கிற மேஸ்திரி. இருபத்திரண்டு வருடமாக அங்கேதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் புவனகிரிக்கு வருவார். வந்ததும் முதல் வேலை என்னைக் கிண்டல் செய்வது. நான் சவூதிக்குப் போய் எட்டே மாதத்தில் திரும்பி வந்து, சிதம்பரத்தில் செல்போன் கவர் விற்கிறவன். "ஊர்ல ஒக்காந்தவன் உருப்பட்டதா சரித்திரமே இல்ல மாப்ள" என்பார், என் கடையில் உட்கார்ந்து நான் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

லீவு முடிகிற வாரம் அவரைப் பார்க்க வேண்டும். வயிறு சரியில்லை, முதுகு பிடித்துக்கொண்டது, பல் கூசுகிறது என்று ஆரம்பித்துவிடுவார். திரும்பிப் போக மனிதருக்குத் துளியும் மனமில்லை. இது தெருவுக்கே தெரியும். ஆனால் வாயைத் திறந்து சொல்லமாட்டார். இத்தனை வருடம் அடித்த சவடால் தொண்டையை அடைத்துக்கொள்ளும்.

இந்த லீவில் மாடி ஏறும்போது மூச்சு வாங்கியது. சிதம்பரத்தில் எக்கோ எடுத்தார்கள். இதயச் சுவரில் சின்னதாக ஓர் ஓட்டை, பிறவியிலேயே இருந்திருக்கிறது. அக்கா அழுதாள். மச்சான் முகத்தில் மட்டும் அப்படி ஒரு தெளிச்சி. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆகிவிட்டது; இனி குவைத் கிடையாது.

சென்னையில் பெரிய டாக்டர் அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட்டார்.

"கத்தியே வேணாம். தொடை ரத்தக்குழாய் வழியா ஒரு குட்டிக் குடையக் கொண்டுபோய் ஓட்டையில விரிச்சிடுவோம். மேல சதை வளந்து மூடிக்கும். இது புது மாதிரி, உலோகம் இல்ல. ரெண்டு வருஷத்துல தானாக் கரைஞ்சிடும்."

"கரைஞ்சுட்டா மறுபடி ஓட்டைதான சார்?" என்றாள் அக்கா.

மச்சான் முந்திக்கொண்டார். "சென்ட்ரிங் பலகை மாதிரி அஜீசு. கான்கிரீட் இறுகுற வரைக்கும் தாங்கும். இறுகினப்புறம் பலகைக்கு என்ன வேல?"

டாக்டருக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. "கரெக்ட். ஒரு மாசம் கழிச்சு ஃபிளைட் ஏறலாம், வேலைக்கும் போலாம்" என்றார். மச்சானின் முகம் தொங்கிப்போனது.

எல்லாம் நல்லபடியாக முடிந்து வீடு வந்தோம். வருகிற வழியிலேயே மச்சான் தனியாக ஒரு வைத்திய சாஸ்திரம் எழுதிவிட்டார் போல. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அதே பேச்சு.

"ரெண்டு வருஷத்துக்கு ஊரத் தாண்டக் கூடாதாம். பலகை இன்னும் உள்ளதான் இருக்குது. பிரிக்கறதுக்கு முந்தி ஆட்டுனா கூரை கீழ வந்துரும். டாக்டரே சொல்லிட்டாரு."

டாக்டர் சொன்னது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். இத்தனை வருடக் கிண்டலுக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் நமநமத்தது. அக்கா ஒரு பார்வை பார்த்தாள், அடக்கிக்கொண்டேன். ஆனால் எனக்கு உள்ளூரப் பயம், அக்காவை நினைத்துத்தான். அவளுக்குப் பொய் வராது. மகனுக்கு ஐந்து வயது முடிந்த மறுநாளே, கண்டக்டர் கேட்காமலேயே அரை டிக்கெட் வாங்கியவள்.

ஒரு மாதம் கழித்து, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது குவைத் கம்பெனி மேனேஜர் போன் செய்தார். தமிழர்தான். தெருவில் புளுகுவது வேறு, சோறு போட்ட கம்பெனியிடம் புளுகுவது வேறு. மச்சான் ஸ்பீக்கரைப் போட்டு அக்காவிடம் நீட்டிவிட்டார்.

"நல்லாயிட்டாராம்மா? எப்ப அனுப்புறீங்க? டாக்டர் என்ன சொன்னாரு?"

அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். கூட்டிப் பார்த்தால், இந்த இருபத்திரண்டு வருடத்தில் அவள் புருஷனோடு இருந்தது இரண்டு வருடம் தேறாது.

"ரெண்டு வருஷம் ஃபிளைட்டே ஏறக் கூடாதுன்னுட்டாரு சார்" என்றாள். குரல் நடுங்கவில்லை. "அதுக்கப்புறமும் சந்தேகந்தான்."

அக்கா போனை வைத்தாள். மச்சான் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அஜீசு, எனக்கு அங்க போவப் புடிக்கல" என்றார். அவர் வாயிலிருந்து அது வந்தது அன்றுதான். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

அக்கா அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

"இத முந்தியே சொல்லியிருந்தீங்கன்னா, எனக்கு ஒரு பொய் மிச்சமாயிருக்கும்."